சமையலறைக் கழிவுநீர் அடைப்பு: பத்து காவான் வரிசை வீட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

சமையலறைக் கழிவுநீரியல் என்பது, சமைப்பதற்காக வீட்டுக்குள் கொண்டுவரப்பட்ட நீர், சமையல் முடிந்த பிறகும் வீட்டை விட்டு வெளியேற மறுப்பதன் காரணங்களை ஆராயும் துறையாகும். பினாங்கு மாநிலத்தின் குடிநீரில் பெரும்பகுதி மூடா ஆற்றில் எடுக்கப்பட்டு, சுங்கை டுவா ஆலையில் தூய்மையாக்கப்பட்டு, ஊர் ஊராகக் குழாய் வழியே தடையின்றி ஓடி வீடுகளை அடைகிறது. இவ்வளவு தொலைவைச் சலிக்காமல் கடந்துவரும் நீர், பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து, அதாவது மக்கள் வழக்கில் சிங்க் எனப்படுவதிலிருந்து, பின்புறக் கால்வாய் வரையிலான கடைசிச் சில அடிகளில் மனம் மாறி நின்றுவிடுவதே இத்துறையின் அடிப்படைப் புதிர். நீரின் வருகையைப் பற்றி அணை, ஆலை, கட்டணம் என்று அரசு அறிக்கைகள் அடுக்கடுக்காக இருக்க, அதன் போக்கைப் பற்றிய அறிவு மட்டும் இன்றுவரை பிளம்பர்களின் வாய்மொழி மரபாகவே வாழ்ந்துவருகிறது.

ஆய்வுக்களமாகப் பத்து காவான் கொள்ளப்பட்டதற்கு இரு காரணங்கள் உண்டு. பினாங்கின் பெருநிலப் பகுதியில், செபராங் பிறையின் தெற்கில் அமைந்த இவ்வூர், ஒரு காலத்தில் கடலும் ஆறுகளும் சூழ்ந்த தீவாக இருந்து, 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டமாகவும், பின்னர் ரப்பராகவும் செம்பனையாகவும் உருமாறியது. 2014 மார்ச் 1 அன்று 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட பின், தொழிற்பேட்டையும் அடுக்குமாடிகளும் பேரங்காடிகளும் நிறைந்த புதுநகராக அது வளர்ந்தது. தோட்டத்து லயங்களில் தமிழர் வாழ்ந்த காலத்தில் சமையற்கட்டின் நீர் பின்வாசல் வழியே வாழை மரத்தடிக்குப் போயிற்று. குழாய் இல்லாதிருந்தமையால் குழாய் அடைப்பும் இல்லாதிருந்தது. எந்த வாழையும் எந்தக் குழம்பையும் திருப்பி அனுப்பியதாகச் சான்று கிடைக்கவில்லை. லயத்தை விட்டு வரிசை வீட்டுக்கு, அதாவது பக்கச் சுவர்களைப் பொதுவாகக் கொண்டு தொடராகக் கட்டப்பட்ட தரைவீட்டுக்கு, குடிபெயர்ந்தபோதுதான் சமையலறைக் கழிவுநீரியலுக்கு வேலை வந்தது.

இரண்டாவது காரணம் மண். இக்கடலோரப் பகுதியின் அடியில் கிடப்பது மென்மையான கடற்களி. பாரம் ஏறினால் அது நீரை மெல்லக் கசியவிட்டு ஆண்டுக்கணக்கில் அமிழ்ந்துகொண்டே போகும். வீடு ஆழமாக அடிக்கப்பட்ட பைலிங் தூண்களின்மேல் நிற்பதால் அசையாது. வீட்டைச் சுற்றிப் போடப்பட்ட சிமெண்டுத் தளமோ தூண் ஏதுமின்றி மண்மேல் கிடப்பதால் அடியிலுள்ள குழாயையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். ஆகவே குழாய் சுவரைத் தாண்டும் இடத்தில் ஒரு முனை வீட்டோடும் மறு முனை மண்ணோடும் விசுவாசமாக இருக்க நேர்கிறது. கழிவுக் குழாய் ஒரு மீட்டருக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் என்ற அளவில் சரிந்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி. இந்தச் சரிவு அமிழ்ந்த மண்ணால் நடுவில் தொய்ந்துவிட்டால், தொய்ந்த இடத்தில் எப்போதும் கொஞ்சம் நீர் நிற்கும். நிற்கும் நீரில் சோறு படியும். படிந்த சோற்றின்மேல் எண்ணெய் படியும். அதன் பிறகு நிகழ்வது யாவரும் அறிந்ததே.

முன்னோர் இப்பொருளைத் தொடாமல் இல்லை. கீழடியில் 2019-இல் நடந்த ஐந்தாம் கட்ட அகழாய்வில் சுடுமண் குழாய்கள் வெளிப்பட்டபோது, தமிழரின் தொன்மை பற்றிப் பலரும் பெருமிதம் கொண்டனரே தவிர, அக்குழாய்கள் எத்தனை முறை அடைத்துக்கொண்டன என்ற வினாவை எவரும் எழுப்பவில்லை. தகுதியற்ற அவையில் பேசுவதை அங்கணத்தில் கொட்டிய அமிழ்தத்துக்கு ஒப்பிட்ட திருவள்ளுவர், அமிழ்தம் வீணானதற்கு வருந்தினார். அங்கணத்துக்கு என்ன ஆயிற்று என்பதை 720-ஆம் குறளும் சொல்லவில்லை, உரையாசிரியர்களும் சொல்லவில்லை. அமிழ்தம் கொழுப்புச் சத்துள்ள பொருளாயின் அந்த மௌனம் கவலைக்குரியது.

மேலைநாட்டில் இத்துறையின் முதல்வராகக் கொள்ளத்தக்கவர் அலெக்சாண்டர் கம்மிங். எடின்பரோவில் பிறந்த கடிகாரக் கைவினைஞரான இவர், 1775-இல் கழிப்பறைத் தொட்டிக்குக் காப்புரிமை பெற்றபோது, வெளியேறும் குழாயைப் பாம்புபோல் வளைத்து, வளைவில் சிறிது நீர் எப்போதும் தங்குமாறு செய்தார். அந்நீர் குழாய்க்குள் இருக்கும் நாற்றக் காற்று வீட்டுக்குள் வராமல் தடுப்பதால் அது நீர்ப்பூட்டு எனப்படும். இன்று சிங்கின் அடியில் வளைந்தோ குப்பிபோல் தொங்கியோ காணப்படும் உறுப்பு, பிளம்பர்கள் டிராப் என்று அழைப்பது, அதன் வழித்தோன்றலே. 50 முதல் 75 மில்லிமீட்டர் ஆழமுள்ள இந்தச் சிறு நீர்தான் வீட்டுக்கும் சாக்கடைக்கும் இடையே நிற்கும் ஒரே சுவர். அது வற்றினால் நேர்வதை ஹாங்காங் 2003-இல் கண்டது: அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் குளியலறைத் தரைவடிகால்களின் நீர்ப்பூட்டுகள் காய்ந்துபோயிருந்தமையால் சார்ஸ் நோய்க்கிருமி கழிவுக் குழாய்வழியே வீடு வீடாகப் பரவியது என்று ஆய்வாளர் முடிவுக்கு வந்தனர், 300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்பியவர்கள் கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்து வீட்டாரைச் சந்தேகிக்குமுன், தரைவடிகாலில் ஒரு குவளை நீர் ஊற்றிப் பார்ப்பது அறிவுடைமை.

இனி இக்கட்டுரையின் கோட்பாடு. வரிசை வீட்டுச் சமையலறையில் நீர் தேங்குவதற்கு முதற்காரணம் அழுக்கு அன்று, அழகு. அஃது எவ்வாறெனின், கருவியைச் செய்தவரும் குழாயைப் பதித்தவரும், அடைக்கக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் கை நுழைய ஒரு வாயிலை விட்டே சென்றனர்; அவ்வாயில்கள் அனைத்தும் பார்வைக்கு நன்றாக இல்லை என்ற காரணத்தால் வீட்டாரால், பணம் கொடுத்து, ஒவ்வொன்றாக மறைக்கப்பட்டன. இதனை மறைப்பு விதி என்க. அடைப்பு எங்கே என்று தேடும் ஆய்வாளர், வீட்டில் எந்த இடம் மிக நேர்த்தியாக இருக்கிறதோ அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.

விதி செயல்படுவதைக் குளிர்பதனப் பெட்டியில் எளிதாகக் காணலாம். காய்கறித் தட்டின் அடியில் நீர் தேங்கினால், வாங்கிய கீரை ஈரமாக இருந்தது என்று பாசார் எனப்படும் சந்தையின் மேல் பழி போடுவது வழக்கம். உண்மையில் பல பெட்டிகளில், உட்புறப் பின்சுவரில் படியும் பனி அவ்வப்போது தானாக உருக, உருகிய நீர் அச்சுவரின் அடியிலுள்ள ஒரு சிறு துளைவழியே இறங்கி, பெட்டியின் பின்னடியில் கம்ப்ரசர்மேல் இருக்கும் தட்டில் விழுந்து அச்சூட்டிலேயே ஆவியாகிவிடும். கொத்துமல்லித் தழை ஒன்று அத்துளையில் போய் அமர்ந்தால் நீர் திரும்பி உள்ளே வரும். வெதுவெதுப்பான நீரை ஊசியற்ற சிரிஞ்சால் அத்துளையில் செலுத்தினால் தீரக்கூடிய சிக்கல் இது. ஆனால் துளை, நேற்றைய மீன்குழம்பு, முந்தாநாள் சாம்பார், யாரோ திருமணத்தில் கொடுத்த லட்டு ஆகியவற்றுக்குப் பின்னால் இருப்பதால், அதைக் கண்டவர் அரியர். மின்சோற்றுப் பானையின் பக்கவாட்டில் தொங்கும் கண்ணாடி நிறக் கிண்ணமும் இவ்வகையினதே. மூடியில் சேரும் ஆவிநீரைப் பிடிக்க வைத்த அக்கிண்ணம் பல வீடுகளில் வாங்கிய நாள் முதல் கழற்றப்படாமல் ஒரு தனி உயிர்ச்சூழலாக வளர்ந்துவருகிறது. அதைப் பற்றி இதற்குமேல் எழுதுவது கட்டுரையின் நோக்கத்துக்கு அப்பாற்பட்டது.

துணிதுவைக்கும் இயந்திரம் சமையலறைக் கருவியா என்று ஒருவர் வினவலாம். பின்புறத்தை இழுத்துக் கட்டிய வீடுகளில் அது சமையலறையில்தான் நிற்கிறது. ஆகவே சமையலறைக் கருவியே என்பது விடை. இதில் நிகழும் வியப்பூட்டும் கோளாறு ஒன்று தனிக் கவனத்துக்குரியது. மேலே வாய் திறக்கும் பழைய வகை இயந்திரங்களில் பல, நீரைத் தன் எடையாலேயே கீழே வடியவிடுபவை. அவற்றின் வடிகுழாய் தரையில் படுத்து, தரைவடிகாலுக்குள் தலையை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். முன்னால் வாய் திறக்கும் புதிய வகையோ பம்பினால் நீரை வெளியேற்றுவது. அதன் குழாய் முனை ஏறக்குறைய 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும் குடும்பம், பழைய குழாய் கிடந்த இடத்திலேயே புதிய குழாயையும் தரையில் போட்டுவிட்டால், இயந்திரம் ஒரு பக்கம் நீரை நிரப்ப, மறுபக்கம் அந்நீர் உறிஞ்சு விசையால் தானாகவே வெளியேறும். நிறைவே காணாத இயந்திரம் நாள் முழுதும் நீரை வாங்கிக்கொண்டிருக்க, வீட்டார் நீர்க்கட்டணச் சீட்டைக் கண்ட பிறகே விழித்துக்கொள்வர். குழாயை உயர்த்திக் கட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு முழம் கயிறு. குழாய் முனையைத் துணி சுற்றி வடிகாலில் இறுக்கி அடைத்தாலும் இக்குறை நேரும். காற்று நுழையச் சிறிது இடைவெளி இருந்தே ஆகவேண்டும்.

அவ்வியந்திரத்தின் முன்புறக் கீழ்மூலையில் ஒரு சிறு கதவு உண்டு. அதைத் திறந்து, அடியில் ஒரு தட்டை வைத்து, உள்ளிருக்கும் வடிகட்டியை இடப்புறமாகத் திருகிக் கழற்றினால், 20 சென் காசு, சட்டைப் பொத்தான், கொண்டை ஊசி, பள்ளிப் பையில் கிடந்த அழிப்பான், ஒற்றைக் காதணி ஆகியவை வெளிவரும். நீர் வடியவில்லை என்று அழைக்கப்படும் பழுதுபார்ப்போர் முதலில் தொடும் இடம் இதுவே. இக்கதவு இருப்பதே பல வீடுகளில் தெரியாது. தெரிந்த வீடுகளில் அதன்முன் சலவைத்தூள் பெட்டி வைக்கப்பட்டிருக்கும்.

சிங்குக்கு வருவோம், ஆய்வின் நடுநாயகம் அதுவே. பத்து காவானில் 2019 மார்ச்சில் ஐக்கியா பேரங்காடி திறக்கப்பட்டதற்கு முன்பே, சிங்கின் அடிப்பகுதியை அலமாரியால் மூடும் பழக்கம் இவ்வட்டாரத்தில் நிலைபெற்றிருந்தது. அலமாரிக் கதவைத் திறந்தால் முதல் அடுக்கில் கட்டுக்கட்டாகப் பிளாஸ்டிக் பைகள். அடுத்துச் சமையல் எரிவாயு உருளை. அதன் பின்னே காலியான மைலோ டப்பாக்கள். இறுதியில், இருட்டில், டிராப். கையால் திருகினாலே கழன்றுவரும் அதன் அடிமூடியை அடைவதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஆகிவிடுவதால், வீட்டார் அதைத் தொடாமல், மேலிருந்து எதையேனும் ஊற்றும் வழியையே நாடுகின்றனர். என்ன ஊற்றுவது என்பதில் மூன்று சிந்தனைப் பள்ளிகள் உள்ளன.

முதற்பள்ளி கொதிநீர்ப் பள்ளி, அத்தைமார் மரபு. ஆட்டுக்கொழுப்பு 40 பாகைக்கு மேலே உருகுமாதலால் சூட்டினால் அது இளகும் என்பது உண்மை. பினாங்கின் வெப்பத்தில் உறையாமல் ஓடும் சமையல் எண்ணெயைவிட, தீபாவளிக்கு முதல்நாள் கொதித்த ஆட்டிறைச்சிக் கறியின் கொழுப்பே குழாயில் உறைவது என்பதையும் இம்மரபினர் அனுபவத்தால் அறிந்துள்ளனர். ஆயினும் வீட்டுக் குழாய்களுக்குரிய கெட்டிப் பிளாஸ்டிக் 80 பாகையளவில் நெகிழத் தொடங்கும். உலையிலிருந்து இறக்கிய நீரை அப்படியே கவிழ்ப்பது கொழுப்பை உருக்குவதோடு மூட்டுகளையும் தளர்த்தும். உருகிய கொழுப்பும் மறைந்துவிடுவதில்லை, நாலடி தள்ளிப்போய் மீண்டும் உறைகிறது. இரண்டாவது, ஆப்பச்சோடாவும் வினிகரும் கலக்கும் நுரைப்பள்ளி. இது கைபேசிக் காணொளிகளால் வளர்ந்தது. இரண்டையும் சேர்த்தால் நுரை பொங்கும். பொங்குவது கரியமில வாயு. பொங்கி முடிந்தபின் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு மிஞ்சுவது பெரும்பாலும் உப்புநீர். நாற்றத்துக்கு ஓரளவு பயன்படும். உறைந்த கொழுப்பு அதைக் கண்டு அஞ்சியதில்லை. எனினும் குடும்பம் ஒன்றுகூடிப் பார்த்து மகிழ்வதற்குரிய நிகழ்ச்சி என்ற அளவில் இப்பள்ளியைப் புறக்கணிக்கவியலாது.

மூன்றாவது காரப்பள்ளி. எரிசோடா கொழுப்பைச் சோப்பாக மாற்றுவதால் கரைக்கும் ஆற்றல் உடையது. ஆனால் நீரோடு சேரும்போது கொதிக்குமளவு சூடேறுவது. கண்ணில் தெறித்தால் பார்வையைப் பறிப்பது. முழு அடைப்பின்மேல் ஊற்றினால் போக வழியின்றிச் சிங்கிலேயே நிற்பது. அதன்மேல் வேறொரு திரவத்தை, குறிப்பாக அமிலம் கலந்ததை, ஊற்றுவது எவ்விதத்திலும் கூடாது. எரிசோடா ஊற்றியதைச் சொல்லாமல் பிளம்பரை அழைப்பவர்கள் பாவத்தில் ஒரு புது வகையைக் கண்டுபிடித்தவர்கள்.

மூன்று பள்ளிகளும் மறந்தது ரப்பர் பம்பை. இதனைப் பயன்படுத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு: இரட்டைத் தொட்டிச் சிங்காயின் மற்றத் தொட்டியின் துளையையும், தொட்டி நிரம்பி வழியாமல் இருக்க மேல் விளிம்பருகே விட்டிருக்கும் துளையையும் ஈரத்துணியால் இறுக அடைத்துவிட்டு, பம்பின் வாய் மூழ்குமளவு நீர் நிறுத்தி அழுத்த வேண்டும். அவ்வாறு செய்யாவிடில் அழுத்தம் முழுவதும் பக்கத்துத் துளைவழியே பீறிட்டு, அழுத்துபவரின் முகத்தில் பருப்புநீராக வந்து சேரும்.

எதை அடைப்புப் பொருள் என்பது? வடித்த கஞ்சியும், தோசைமாவு அரைத்த கிரைண்டரைக் கழுவிய நீரும், தேங்காய்த் துருவல் நாரும், கோப்பித்தூள் மண்டியும் தனித்தனியே தீங்கற்றவை. எண்ணெயோடு சேர்ந்தால் அவை சாந்தாகின்றன. இச்சாந்து உலக அளவில் எதுவரை வளரக்கூடும் என்பதற்கு, 2017-இல் லண்டன் ஒயிட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் கண்டெடுக்கப்பட்ட, 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையுமுள்ள கொழுப்புப் பாளம் சான்று. அதன் ஒரு துண்டு பின்னர் லண்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைக்கப்பட்டது. பத்து காவான் வீடுகளின் படைப்புகள் இன்னும் அத்தகைய அங்கீகாரம் பெறவில்லை.

சிங்கோடு பின்புறத் தரைவடிகாலும் சேர்ந்து பொங்கினால் அடைப்பு டிராப்பைக் கடந்து வெளிக்குழாயில் இருக்கிறது என்றும், கழிப்பறையும் முனகத் தொடங்கினால் அது பொதுக்குழாயை நெருங்கிவிட்டது என்றும் கொள்க. மழை பெய்யும்போது மட்டும் நீர் நின்றால் வீட்டுக்குள் தேடுவது வீண். பழைய வீடுகள் பலவற்றில் சமையலறை நீர், கழிப்பறை நீரோடு சேராமல், நேரே பின்புறத் திறந்த கால்வாயில், லோங்காங் என்று மலாய்ச் சொல்லாலேயே எல்லாரும் அழைப்பதில், விழுகிறது. பெருமழையில் லோங்காங் நிரம்பினால் குழாயின் வாய் மூழ்கிவிடும். வெயில் நாளில் போய்க் குனிந்து பார்த்தால், அவ்வாயில் ஒரு நெகிழிப் பையோ, ஈர்க்குமாற்றின் உதிர்ந்த குச்சிகளோ, அண்டை வீட்டு ரம்புத்தான் தோலோ காணப்படும்.

பொறுப்பைப் பங்கிடுவதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. வீட்டு எல்லைக்குள் இருக்கும் குழாய் வீட்டுக்காரருடையது. பொதுக் கழிவுநீர்க் குழாயை 1994 முதல் இண்டா வாட்டர் நிறுவனம் கவனிக்கிறது. சாலையோரக் கால்வாய் 2019-இல் மாநகர் நிலைபெற்ற செபராங் பிறை மாநகர் மன்றத்தின் பார்வையில் உள்ளது. குழப்பம் தொடங்குவது, எல்லை எது என்பது எவர் கண்ணுக்கும் தெரியாதபோதுதான். பின்முற்றத்தில், குழாய்கள் கூடித் திரும்பும் இடத்தில், திறந்து பார்ப்பதற்காக மூடியோடு கூடிய குழி ஒன்று வீடு கட்டியவரால் விடப்பட்டிருந்தது. சமையலறையை நீட்டிக் கட்டியபோது அக்குழி புதிய சமையலறையின் நடுவில் வந்தது. இரும்பு மூடி அழகாக இல்லை. எனவே அதன்மேல் பளபளப்பான தரைக்கல் பதிக்கப்பட்டது.

வந்த பிளம்பர் பம்பை எடுப்பதற்கு முன், கம்பியை நீட்டுவதற்கு முன், தரையைத் தட்டிப் பார்த்துக் கேட்கும் முதற்கேள்வி, "யாரும்மா இந்த ரெனோவேசன் செஞ்சது?" என்பதாகவே இருக்கிறது. இக்கேள்விக்கு விடை எப்போதும் வேறொரு பிளம்பர் அல்லது இப்போது பேச்சுவார்த்தையில் இல்லாத ஓர் உறவினர். அதன்பின் தரையில் காதை வைத்துக் கேட்டும், பழைய திருமண ஒளிப்படங்களில் பின்முற்றம் எங்காவது விழுந்திருக்கிறதா என்று தேடியும் குழியின் இடம் ஊகிக்கப்படுகிறது. ஊகம் தவறினால் மூன்று கற்கள் உடைபட்ட பிறகு நான்காவதன் அடியில் அது கிடைக்கும். தீபாவளி வாரமாயின் பிளம்பரே கிடைப்பதில்லை என்பதால் இக்கட்டத்தை எட்டுவதே ஒரு சாதனை.

மறைப்பு விதிக்குப் பரிகாரமும் சந்தையில் உண்டு. தட்டுப்போல் குழிந்த உலோக மூடி ஒன்றை வாங்கி, அதன் குழிவில் தரையில் பதித்த அதே கல்லை வெட்டிப் பொருத்திவிட்டால், குழி தரையோடு தரையாக மறைந்திருந்தும், கொக்கியிட்டுத் தூக்கினால் திறந்துகொள்ளும். மூடிக்கும் அது அமரும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இணைப்பில் சிமெண்டைப் பூசாமல் மசகு தடவ வேண்டும் என்று சொல்லி அனுப்பினாலும், வேலையாட்களில் சிலர் நேர்த்திக்காகப் பூசிவிடுவர். அருகில் நின்று பார்ப்பது நலம். அம்மூடியின்மேல் அரிசித் தொட்டியை வைக்கலாமா என்பதில் மாமியார்களும் மருமகள்களும் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.